சட்டாம்பிள்ளையும் ஏரிக்கரையும்

(புள்ளலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லூரி மாணவர்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்து, சின்னப் பிள்ளைகளைக் கையால் செய்துபார்த்துச் சூழலியல் கற்றுக்கொள்ள வைக்கிறார்களே, அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர்கள் கேட்டிருந்தார்கள். நான் விலங்கியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மாணவர்களை அழைத்துக்கொண்டு இந்த வட்டாரத்து ஏரிக்கரைகளில் பல சனிக்கிழமைகள் நடந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

புள்ளலூர் என்றால் வெளியூர்க்காரர்கள் சண்டையைத்தான் சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் தன் பகைவரை இங்கே முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை ஐதர் அலியும் திப்புவும் இந்த மண்ணில் வளைத்து அழித்தார்கள். ராக்கெட்டுகள் பறந்தன, வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தக் காட்சியை இன்றும் ஓவியமாகப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்டில், இங்கேயே இன்னொரு சண்டை. அதில் மாண்ட வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத் தூண்களைத் தேடிக்கொண்டு இன்றைக்கும் ஆள் வருகிறது.

அதிகாரிகளுக்குத் தூண் கிடைத்தது. இப்படிப்பட்ட போர்களில் செத்த சாதாரணச் சிப்பாய்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? என்னுடைய பேச்சு அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

சென்னை எழும்பூரில் அந்தப் பிள்ளைகளுக்காகக் கிழக்கிந்தியக் கும்பினி ஓர் ஆதரவற்றோர் இல்லம் நடத்தியது. வெள்ளைச் சிப்பாய்களின் மகன்கள். பலருக்குத் தாய் இந்த நாட்டுப் பெண். 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதன் பொறுப்பை ஏற்றார். பாடம் நடத்த வந்த பெரியவர்களை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருநாள் குதிரையில் போகும்போது, வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழ்ப் பள்ளியை மலபார் பள்ளி என்பார்கள். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெல் திரும்பி வந்து தம் இல்லத்திலும் மணலைக் கொட்டச் சொன்னார். ஆசிரியர்கள் மறுத்தார்கள், முடியாது என்றார்கள். அவர் அதற்குள் போய் வாதம் செய்யவில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனைக் கூப்பிட்டு, எழுத்துப் படிக்கும் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டினான்.

1796-இல் பெல் ஊர் திரும்பினார். 1797-இல் லண்டனில் இந்தப் பரிசோதனையைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு இது புதிய செய்தி இல்லை. வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் நாற்பது பேர் என்றால் நடுவில் ஒரு சட்டாம்பிள்ளை இருப்பான். தனக்குத் தெரிந்ததைச் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான், தப்பினால் திருத்துவான். கையில் பிரம்பும் வைத்திருப்பான். அந்தப் பிரம்பால்தான் இன்றைக்கு ‘சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே’ என்று வைகிற பேச்சு வந்தது. சொல்லிக்கொடுத்தவன் மறந்துபோய், அடித்தவன் மட்டும் மொழியில் தங்கிவிட்டான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இந்த மண்ணின் வழக்கம். அதை மீட்க வேண்டும், பிரம்பு இல்லாமல் மீட்க வேண்டும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். மார்கழி மாதம். ஏரி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. என்னோடு வந்த மாணவி இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி ஓடும் வீட்டுப் பெண். அவள் கொண்டுவந்த ஆய்வுக்கூடம் ஒரு துணிப்பையில் இருந்தது: டீ வடிகட்டி இரண்டு, வெள்ளை பிளாஸ்டிக் டப்பா நாலு, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு இங்க் ஃபில்லர், பொட்டலமாகக் கொஞ்சம் மஞ்சள் தூள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் மதகுப் படியில் உட்கார்ந்தார்கள்.

கரையோரக் கோரைக்கு அடியில் வடிகட்டியை விட்டு அள்ளி, டப்பாவில் கவிழ்த்தாள். சேறு கலங்கித் தெளிந்ததும் அடியில் ஏதோ நகர்ந்தது. மண் நிறம், ஆறு கால், பெரிய கண், குட்டையான உடம்பு.

“அக்கா, தேள் குட்டியாக்கா?”

“தெரியலையே. பாப்போம் இரு.”

எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவள் உண்மையாகவே தெரியாமல்தான் சொன்னாள். பாடப்புத்தகத்தில் படத்தைப் பார்த்திருக்கிறாள், உயிரோடு பார்த்ததில்லை. அவளும் பிள்ளைகளோடு குனிந்தாள். பன்னிரண்டு தலையும் ஒரு பெரிய தலையும் அந்த டப்பாவின் மேல் கூடின.

பள்ளித் தொட்டியிலிருந்து ஒரு பையன் பாட்டிலில் கொசுப்புழு பிடித்து வந்திருந்தான். அதில் நாலைந்தை விட்டார்கள். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் எழுந்து போய்த் தவளைக் கல் விட்டுத் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து அது முகத்திலிருந்து எதையோ நீட்டி ஒரு புழுவை வாரிக்கொண்டது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

“டேய், நாக்க நீட்டி வாரிக்கிச்சுடா!”

“நாக்கா அது? கண்ணாடிய குடு.”

அடுத்த புழுவுக்காகக் காத்திருந்து பார்த்தார்கள். நாக்கு இல்லை, மடக்கி வைத்திருக்கும் கீழ் உதடு. நுனியில் கொக்கி மாதிரி இருக்கிறது என்று ஒரு பெண்பிள்ளைதான் முதலில் கண்டுபிடித்தாள். அவளே அடுத்த கேள்வியையும் கேட்டாள்: “காலயே ஆட்டாம எப்பிடிக்கா முன்னாடி ஓடுது?” மாணவி மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து, ஃபில்லரால் அதன் வால் பக்கம் ஒரு சொட்டு விட்டாள். அது உதைத்துக்கொண்டு முன்னால் பாய்ந்தபோது மஞ்சள் நீர் பின்னால் பீய்ச்சியடித்தது. அந்தப் பூச்சி ஆசனவாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து அங்கேதான் மூச்சு விடுகிறது. ஆபத்து வந்தால் அதே தண்ணீரைப் பீய்ச்சி முன்னால் பாய்கிறது. ராக்கெட் பறந்த ஊரில் அந்தத் தத்துவத்தை விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை.

அது தட்டான் குஞ்சு. நாம் வாலில் நூல் கட்டி விளையாடிய தட்டாம்பூச்சி, இறக்கை முளைக்கும் முன் தண்ணீருக்குள் இப்படித்தான் வாழ்கிறது. பக்கத்துக் கோரைத் தண்டில் ஒரு தட்டான் உரித்துப் போட்ட சட்டை காய்ந்து ஒட்டியிருந்தது. அதையும் பிள்ளைகளே தேடி எடுத்தார்கள். டப்பாவை ஏரியில் கவிழ்த்துவிட்டுக் கிளம்பும்போது, புழு பிடித்து வந்த பையன் கேட்டான்: “கொசு மருந்து அடிச்சா இதுவும் செத்துடுமாக்கா?”

சூழலியல் என்ற சொல்லை அன்று யாரும் உச்சரிக்கவில்லை. உணவுச் சங்கிலி என்ற சொல்லும் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டும் இருந்தன. அந்தக் கேள்வியை முப்பது ஆண்டு வகுப்பறையில் என்னால் ஒரு பிள்ளையிடமிருந்தும் வரவழைக்க முடிந்ததில்லை. நான் விடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன். விடை தெரிந்தவர் முன்னால் பிள்ளை விடையைத்தான் எதிர்பார்க்கும். ‘தெரியலையே, பாப்போம்’ என்று சொல்லும் அக்காவின் முன்னால்தான் அது தானாகப் பார்க்கத் தொடங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாணவிக்கும் அன்றைக்குத்தான் தட்டான் புரிந்தது. அடுத்த வாரம் அவள் நூலகத்தில் உட்கார்ந்து தும்பிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்துவிட்டு வந்தாள். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிற தட்டான் இனம் ஒன்று உண்டு என்று பிள்ளைகளிடம் சொன்னாள். நாளைக்குப் பிள்ளைகள் கேட்பார்களே என்ற பயம் தேர்வைவிட நல்ல வாத்தியார்.

ஏன் சூழலியலுக்கு மட்டும் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பெருக்கல் வாய்ப்பாடு சென்னையிலும் புள்ளலூரிலும் ஒன்றுதான். ஏரி அப்படி இல்லை. இந்த ஏரியின் கலங்கல் எந்த மாதம் வழியும், எந்த மதகோரம் விரால் கிடக்கும், வேலிக்காத்தான் எந்தப் பக்கம் ஏறி வருகிறது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாதி இந்த ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கிறது. பாதி யாருக்குமே தெரியாது. அதனால் இந்தப் பாடத்தில் மாணவரும் பிள்ளையும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள். முதன்முதலாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பத்து வயதுப் பிள்ளைக்கும் உண்டு.

இந்த வட்டாரத்தில் ஏரியோடு பிள்ளைக்கு இருந்த உறவைப் பற்றிப் பேசும்போது உத்திரமேரூரை விட முடியாது. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலை என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் அதில் தேர்ந்தெடுக்கப்பட்டது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பது யார்? விவரம் அறியாத ஒரு சிறு பையன். கறைபடாத கை என்று அவனை நம்பினார்கள். ஓலை எடுத்துக் கொடுத்ததோடு அவன் வேலை முடிந்தது. வாரியத்தில் உட்கார 35 வயது ஆக வேண்டும். நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். அந்தச் சபையில் பெண்ணுக்கு இடமில்லை, சேற்றில் இறங்கிக் கரை கட்டியவனுக்கும் இடமில்லை. கல்வெட்டை நாம் பெருமையாகப் பேசலாம். இதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஊரும் காலனியும் ஒரே மதகுப் படியில் உட்கார்ந்து ஒரே டப்பாவுக்குள் குனிந்து பார்க்கும் சனிக்கிழமையை நான் அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன். அந்த டப்பாவைச் சுற்றி யார் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் பார்ப்பதில்லை.

வேடந்தாங்கலையும் சொல்ல வேண்டும். 1790-களில், எழும்பூரில் பெல் மணல் கொட்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், இந்தச் சீமையின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். போரால் பாழடைந்த ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தவர். வேடந்தாங்கல்காரர்கள் அவரிடம் போய், எங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தெரிந்துகொண்டது இல்லை; ஏரியையும் வயலையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வேடந்தாங்கலும் பக்கத்தில் உள்ள கரிக்கிலியும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. உலகம் ஒப்புக்கொள்ள 220 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அங்கே வரும் நத்தைகுத்தி நாரை நம் ஏரிக்கும் வருகிறது. மூக்கின் இரண்டு அலகும் நடுவில் ஒட்டாமல் சந்து விட்டிருக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் கேட்பது, ‘மூக்கு உடைஞ்சிடுச்சா?’ என்றுதான். பதில் சொல்லாதீர்கள். கரையோரம் நத்தை ஓடு பொறுக்கச் சொல்லுங்கள். உடைந்தது ஒரு குவியல், முழுசாக இருப்பது ஒரு குவியல். நாரை தின்ற நத்தையின் ஓடு பெரும்பாலும் முழுசாகவே கிடக்கும். அலகு நுனியை உள்ளே விட்டுத் தசையை அறுத்துச் சதையை மட்டும் உருவிக்கொள்கிறது. அப்படியானால் உடைந்த ஓடுகளின் நத்தையைத் தின்றது யார்? எலியா, நண்டா, வேறு பறவையா? ஒரு குவியல் ஓட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பாடம் நடத்தலாம். செலவு ஒன்றும் இல்லை.

இந்தப் பணியில் நமக்கு முன்னால் நடந்தவர்களும் இருக்கிறார்கள். 1988-இல் சென்னையில் மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவு முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடப்பார்கள். பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான குழிக்கு மாற்றுவார்கள். ஒரு குழிக்கு நூறுக்கும் மேல் முட்டை இருக்கும். ஏழெட்டு வாரம் கழித்துக் குஞ்சு பொரிந்து கடலுக்குப் போகும். மாணவர்கள் படித்து முடித்து வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு புதுப் பிள்ளைகள் வருவார்கள். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் இப்படித்தான் ஓடுகிறது. மணல் சூட்டை வைத்துக் குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவாகும் என்பதை அந்த இரவு நடையில் கூடப் போய்த் தெரிந்துகொண்ட பள்ளிப் பிள்ளை மறக்காது.

1999-இல் தொடங்கிய அகஸ்தியா நிறுவனத்தின் குப்பம் வளாகத்தைப் பற்றி அறிந்திருப்பீர்கள். நம் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், சித்தூர்ச் சீமை. 172 ஏக்கர் வறண்ட நிலத்தை எடுத்து மரமும் நீரும் திரும்ப வரச் செய்து, அதையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டார்கள். அங்கே எனக்குப் பிடித்தது வேறு: அரசுப் பள்ளிப் பிள்ளைகளையே இளம் பயிற்றுநர்களாக்கித் தம் வயதுப் பிள்ளைகளுக்கும் இளையவர்களுக்கும் சோதனை செய்து காட்ட வைக்கிறார்கள். பெல் கையாண்ட அதே முறைதான். மணலுக்குப் பதில் மாதிரிகள்.

நம் அரசும் 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் வானவில் மன்றத்தைத் தொடங்கியது. 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, 13,210 அரசுப் பள்ளிகளுக்குக் கருத்தாளர்கள் கருவிகளோடு வந்து சோதனை செய்துகாட்டும் திட்டம். அதற்கு முந்தைய ஆண்டு இல்லம் தேடிக் கல்வி வந்தது. கொரோனாவில் பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பெரும்பாலும் அதே தெருவின் படித்த பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், 1980-களிலிருந்தே தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் துளிர் இதழும் ஊர் ஊராகப் போய்ச் செய்த வேலை இருக்கிறது. மண் தயாராகத்தான் இருக்கிறது.

ஆனால் தப்பும் நடக்கிறது. சொல்லாமல் போனால் இந்த மேடைக்கு நான் உண்மையாக இருந்தவன் ஆக மாட்டேன்.

பெல்லின் முறை இங்கிலாந்தில் என்ன ஆயிற்று தெரியுமா? ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். சட்டாம்பிள்ளைகள் மணியடித்தால் ஒப்பிக்கும் யந்திரமானார்கள். கடைசியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் வேண்டும் என்று திரும்பி வந்தார்கள். மாணவத் தொண்டர் வருகிறார் என்பதற்காக ஓர் ஆசிரியர் பணியிடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. ஆசிரியர் செய்ய வேண்டியதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். அண்ணனும் அக்காவும் அதற்கு மேலே வருகிறவர்கள்.

நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. ஒரு பள்ளிக்குப் பணம் திரட்டி நல்ல நுண்ணோக்கி இரண்டு, கண்ணாடிக் குடுவைகள், தண்ணீர் சோதனைப் பெட்டி என்று வாங்கிக் கொடுத்தேன். விழா நடந்தது, படம் எடுத்தோம். அடுத்த ஆண்டு போனபோது எல்லாம் பீரோவில் இருந்தன. நுண்ணோக்கியின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் யார் கணக்குச் சொல்வது என்று ஆசிரியர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். விலை உயர்ந்த பொருளைக் கொடுத்து அவரைக் காவல்காரர் ஆக்கியவன் நான்தான்.

அதற்குப் பிறகு உடைந்தால் அழ வேண்டியிராத பொருளை மட்டும்தான் எடுத்துப் போகிறோம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014-இல் உலகத்துக்குக் காட்டிய காகித நுண்ணோக்கி, ஃபோல்ட்ஸ்கோப், 140 மடங்கு பெரிதாக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க இத்தாலியப் பாதிரியார் செக்கி 1865-இல் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். நாங்கள் பழைய சி.டி.யில் கயிறும் கல்லும் கட்டி மதகிலிருந்து இறக்குகிறோம். எத்தனை சாணில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதை நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

மண்ணுக்கும் ஒன்று உண்டு. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை அறுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் புனல் ஆகிவிடும். கழுத்தில் கொசுவலைத் துண்டு வைத்து, புளியமரத்தடிச் சருகையும் ஈர மண்ணையும் நிரப்பி, மேலே குண்டு பல்பு எரிய விட வேண்டும். வெளிச்சமும் சூடும் ஈரத்தை உறிஞ்ச, மண்ணுக்குள் இருப்பவை எல்லாம் கீழே இறங்கி இறங்கிக் கடைசியில் அடிக் குவளையில் விழும். சூடு காட்டிப் புனலில் விழ வைப்பது பெர்லேசி என்ற இத்தாலியர் 1905-இல் செய்த யோசனை. எல்.இ.டி. பல்பு சரிப்படாது, அதில் சூடு போதாது. குண்டு பல்பு கிடைக்காத வீட்டில் வெயிலே போதும். ஒரு பிடி மண்ணிலிருந்து வாலை மடக்கித் துள்ளும் குட்டிப் பூச்சியும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உண்ணியும் மரவட்டைக் குஞ்சும் வரிசையாக விழுவதைப் பார்த்த பிள்ளை, சருகைக் குவித்துக் கொளுத்தும் தாத்தாவிடம் போய்ச் சண்டை போட்டது. தாத்தா கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரி என்றதும் உங்கள் வயிறு கலங்கும். கலங்கத்தான் வேண்டும். மண் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று தண்ணீருக்கு மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள். அதனால் எங்கள் கட்டுப்பாடு கறாரானது. பிள்ளை தண்ணீரில் இறங்காது. கரையும் மதகுப் படியும்தான் வகுப்பு. ஏரியை அறிந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கூடவே இருப்பார். பன்னிரண்டு பிள்ளைக்கு மேல் ஒரு குழுவில் இல்லை. பிடித்த உயிரைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பாம்பைப் பார்த்தால் எல்லோரும் ஓரடி பின்னால்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவர்களிடமும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களிடமும் ஒரு கோரிக்கை. 1969-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் முகாமும் உண்டு. ஏழு நாளும் ஓர் ஊருக்கு வந்து, கோயில் வாசலைப் பெருக்கி, நூறு கன்று நட்டுவிட்டுப் போகிறோம். கோடையில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அந்த 120 மணி நேரத்தை ஒரே ஊருக்கு, ஒரே ஏரிக்கு, ஒரே பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஐந்து ஐந்து மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. ஏரி நிரம்புவதையும் வற்றுவதையும் ஒரே கண்கள் பார்க்க வேண்டும். ஒருநாள் வந்து பார்ப்பவனுக்கு ஏரி வெறும் தண்ணீர்.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று உங்கள் பாட்டி சொல்வாள். அது சரியா என்று இந்த ஊரில் யாரும் தேதி போட்டு எழுதிப் பார்த்ததில்லை. நாங்கள் கொண்டுவந்திருக்கும் நோட்டில் மூன்று பத்திகள் கோடு போட்டிருக்கிறது: தேதி, தட்டான், மழை. ஐப்பசிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முதல் பக்கம் காலியாக இருக்கிறது. பேர் கொடுக்கிற அண்ணன்மார்களும் அக்காமார்களும் கூட்டம் முடிந்ததும் மதகுப் பக்கம் வாருங்கள்.